குழு லோன் எடுக்கலாமா? கம்பெனி குழு, மகளிர் குழு ரெண்டுலயும் இருந்த அனுபவத்துல ஒரு ரிவ்யூ

எங்க பட்டுக்கோட்டை பக்கம் யாராவது ஒரு அக்கா "குழு லோன் போடலாமா, நம்பிப் போகலாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட ஒரே இடத்துல விவரமா எழுதிடலாம்னு தான் இது. நான் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி குழுல இருந்து லோன் முடிச்சு வந்துட்டேன், மகளிர் சுய உதவிக் குழுல இப்பவும் இருக்கேன், அங்க நோட்டு எழுதறதும் நான் தான். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒன்னு மாதிரி தான் தெரியும், ரெண்டுலயும் பொம்பளைங்க சுத்தி உக்காந்து கையெழுத்து போடறோம், நகை கேக்க மாட்டாங்க, பத்திரம் கேக்க மாட்டாங்க, ஆம்பளை ஜாமீன் வேணும்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கெல்லாம் பதிலா வாங்கிக்கறது ஒன்னே ஒன்னு தான், ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க சேர்ந்து கட்டுவோம்னு ஒரு உறுதி. இந்த உறுதிய பத்தி தான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேர் எதுவும் எழுதப் போறதில்ல, முக்காவாசி கம்பெனி இதே முறைல தான் ஓடுது, அதனால பேர் தெரிஞ்சு ஒன்னும் ஆகப் போறதில்ல.

முதல்ல கம்பெனி குழு. நல்லத முதல்ல சொல்லிடறேன். பணம் சீக்கிரம் வரும். ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ, வீட்டுக்கு வந்து ஒரு பார்வை, அவ்வளவு தான், பேங்க் வாசல்ல நாள் கணக்கா நிக்க வேண்டியதில்ல. எனக்கு தையலுக்கு ஓவர்லாக் மெஷின் வாங்கணும், தீபாவளி ஆர்டர் வந்து நிக்குது, அந்த நேரத்துல 40,000 ரூபா கையில வந்தது பெரிய விஷயம் தான், இத நான் மறுக்கவே மாட்டேன். கந்து வட்டிக்காரர் கிட்ட போயிருந்தா பத்து வட்டி, அதுவும் முதல் மாச வட்டிய பிடிச்சுக்கிட்டு தான் குடுப்பாரு.

கணக்க பாருங்க. 40,000 லோன், 24 மாசம், மாசம் 2,135 ரூபா ட்யூ. மொத்தம் கட்டினது 51,240. கம்பெனில இருந்து வசூலுக்கு வர்ற பீல்டு சார் சொல்றப்போ "நூத்துக்கு மாசம் ஒன்னே கால் ரூபா கூட வராதுக்கா"ன்னு தான் சொன்னாரு, 11,240-ஐ ரெண்டு வருஷத்துக்கு வகுத்தா அப்படித் தான் தெரியும். ஆனா நாம மாசாமாசம் அசல கட்டிக் குறைச்சுக்கிட்டே வர்றோம், குறைஞ்ச அசலுக்குத் தான் வட்டி போடணும், அப்படி போட்டா இது வருஷத்துக்கு 25 சதவீதம். இந்த 25 லோன் கார்டுலயே அச்சடிச்சிருந்துச்சு, யாரும் அத திருப்பிப் பாக்கறதில்ல. அது போக பிராசசிங் பீஸ் ஒன்றரை சதவீதம் 600, அதுக்கு ஜிஎஸ்டி 108, எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்சூரன்ஸ் 900 சொச்சம். கைக்கு வந்தது 38,400-க்கும் கொஞ்சம் கம்மி. ஆர்பிஐ 2022 ஏப்ரல்ல இருந்து வட்டிக்கு இருந்த உச்சவரம்ப எடுத்துட்டாங்க, கம்பெனியே அதோட இயக்குநர் போர்டுல முடிவு பண்ணிக்கலாம், ஆனா அநியாய வட்டியா இருக்கக் கூடாது, எவ்வளவுன்னு ஒரே பேப்பர்ல தெளிவா எழுதிக் குடுக்கணும்னு இருக்கு. அந்த பேப்பர கேட்டு வாங்குங்க, நமக்குப் புரியற மொழில குடுக்கணும்ங்கறது விதி, தமிழ்ல இல்லன்னா கையெழுத்தே போடாதீங்க.

வட்டி எனக்கு பெரிய குறை இல்ல. தெரிஞ்சு தான் வாங்கறோம், வேற யாரும் அடமானம் இல்லாம தர மாட்டேங்கறாங்க. குறை அந்த உறுதில தான்.

எங்க சென்டர்ல, அதாவது குழுங்க கூடி காசு கட்டற இடத்துல, ஒரு குழுவுக்கு 10 பேர். மாசம் ஒரு நாள் காலைல மாரியம்மன் கோயில் மண்டபத்துல கூட்டம். சார் பைக்ல வருவாரு, எல்லாரும் எந்திரிச்சு நின்னு உறுதிமொழி வாசிக்கணும், அப்புறம் வரிசையா காசு குடுக்கணும், அவர் எண்ணி கையில இருக்கற டேப்லெட்ல ஏத்துவாரு, கார்டுல கையெழுத்து போடுவாரு. எல்லாரும் குடுத்துட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். ஒரு மாசம் எங்க குழுல ஒரு தங்கச்சி வரல. புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, பணம் அனுப்பறத நிறுத்திட்டாரு போல, போன் ஸ்விட்ச் ஆப். சார் பேக்க மூடி பக்கத்துல வச்சுட்டு "ட்யூ புல்லா வராம யாரும் போகக் கூடாதுக்கா, எனக்கு மேல இருந்து பிரஷர்"னு சொல்லிட்டு போன பாக்க ஆரம்பிச்சுட்டாரு. நூறு நாள் வேலைக்கு போக வேண்டியவங்க ரெண்டு பேர், பால் ஊத்த போக வேண்டியவங்க ஒருத்தவங்க, எனக்கு தையல் கடைய திறக்கணும். வெயில் ஏற ஏற சண்டை வந்துடுச்சு. கடைசில 9 பேரும் ஆளுக்கு 240 போட்டு கட்டிட்டு எந்திரிச்சோம். அடுத்த மாசமும் அவ வரல, மறுபடியும் போட்டோம். அதுக்கு அடுத்த மாசம் சார் "நீங்க எல்லாரும் அவங்க வீட்டு வாசல்ல போய் உக்காருங்க, மானத்துக்கு பயந்து கட்டிடுவாங்க"ன்னாரு. நானும் இன்னும் ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டோம். மத்தவங்க போனாங்க, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, அவங்க காசு போகுது. கதவு தொறக்கல, உள்ள இருந்து சின்னப் பொண்ணு "அம்மா இல்ல, ஆத்தா வீட்டுக்கு போயிருக்கு"ன்னு சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணு எங்க தெரு பசங்களோட தான் பள்ளிக்கூடம் போவும், அதுக்கப்புறம் தனியா போக ஆரம்பிச்சுது.

அப்புறம் தான் எங்களுக்கு ஒன்னு தெரிஞ்சுது. அந்தத் தங்கச்சிக்கு வேற ரெண்டு கம்பெனிலயும் லோன் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. எங்களுக்கு தெரியாது. ஆனா கம்பெனிக்கு தெரியும், ஏன்னா லோன் குடுக்கறதுக்கு முன்னாடி ஆதார் நம்பர வச்சு, எங்கெங்க கடன் இருக்குன்னு காட்டற கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துத் தான் குடுக்கறாங்க. ஒரு ஆளுக்கு 3 கம்பெனிக்கு மேல போகக் கூடாதுன்னு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிங்களோட சங்கமே பின்னால வரம்பு வச்சிருக்காங்க, அதுவே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு காட்டுது. இத எல்லாரும் நல்லா கவனிங்க. அவளுக்கு எவ்வளவு கடன் இருக்குன்னு தெரிஞ்சவங்க கம்பெனி. அவளுக்கு குடுக்கலாம்னு முடிவு பண்ணவங்க கம்பெனி. எவ்வளவு குடுக்கணும்னு முடிவு பண்ணதும் கம்பெனி. வட்டி லாபம் கம்பெனிக்கு. அவ கட்டலன்னா பொறுப்பு மட்டும் எங்க 9 பேருக்கு. குழுல ஆள் சேக்கறப்போ கூட "இன்னும் ரெண்டு பேர் குறையுது, யாரையாவது கூட்டிட்டு வாங்க, இன்னைக்கே போட்டுடலாம்"னு தான் சேத்தாங்க, அந்த ரெண்டு பேர எங்களுக்கு சரியா பழக்கமே கிடையாது.

சட்டம் இதுல என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு எங்க ஊர் இலவச சட்ட உதவி முகாம்ல ஒரு வக்கீல் அம்மாகிட்ட லோன் பேப்பர் காப்பிய காட்டி கேட்டேன், அவங்க பொறுமையா சொன்னாங்க. நம்ம நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ல போட்டது, இன்னைக்கும் அது தான். அதுல 128-வது பிரிவுப்படி ஜாமீன் போட்டவரோட பொறுப்பு கடன் வாங்கினவரோட பொறுப்புக்கு சமம், பேப்பர்ல வேற மாதிரி எழுதியிருந்தா தான் குறையும். அதாவது முதல்ல அவகிட்ட கேளுங்க, அப்புறம் எங்ககிட்ட வாங்கன்னு சொல்ல முடியாது. பல பேர் சேர்ந்து ஒரு கடன வாங்கினா 43-வது பிரிவு, அதுல கடன் குடுத்தவர் அந்தப் பல பேர்ல யாராவது ஒருத்தரப் பிடிச்சு முழுசையும் கேக்கலாம், கட்டினவர் மத்தவங்க கிட்ட அவங்கவங்க பங்க வாங்கிக்கணும். நாம நினைக்கிறோம் பத்துல ஒரு பங்கு தான் நம்ம தலைல விழும்னு, சட்டம் அப்படி நினைக்கல.

ஆனா இதே சட்டத்துல நமக்கு சாதகமாவும் சிலது இருக்கு, பீல்டு சார் யாரும் சொல்ல மாட்டாங்க. ஜாமீன்தாரர்கள் பல பேர் இருந்தா அவங்களுக்குள்ள சமமா பிரிச்சுக்கணும்னு 146. ஜாமீன்தாரர் கட்டிட்டா கடன் குடுத்தவருக்கு இருந்த உரிமை எல்லாம் கட்டினவருக்கு வந்துடும்னு 140, அதாவது நாங்க கட்டின 240, 240-ஐ அந்தத் தங்கச்சி கிட்ட கேட்டு வாங்க எங்களுக்கு சட்டப்படி உரிமை இருக்கு, அது தர்மத்துக்கு போட்டதா ஆகாது. கடனோட ஷரத்த நம்ம சம்மதம் இல்லாம மாத்தினா அதுக்கப்புறம் நடக்கறதுக்கு ஜாமீன் பொறுப்பு இல்லன்னு 133. அதனால காசு போட்டா ஒரு நோட்டுல தேதி போட்டு யார் யார் எவ்வளவுன்னு எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்டு, சார் கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. நாங்க மூணாவது மாசத்துல இருந்து அப்படித் தான் செஞ்சோம். அவ ஊருக்கு திரும்பி வந்து மாசம் கொஞ்சம் கொஞ்சமா எங்களுக்கு திருப்பிக் குடுத்தா, நோட்டு இருந்ததால எவ்வளவுங்கறதுல தகராறு வரல.

வசூல் பத்தி ஆர்பிஐ விதி இன்னும் தெளிவா இருக்கு. காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கறவங்கள தொந்தரவு பண்ணக் கூடாது, கட்டாதவங்க பேர வெளிய போடக் கூடாது. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண இடத்துல தான் வசூல், அங்க அடுத்தடுத்து ரெண்டு தடவ வராம இருந்தா தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். இதையெல்லாம் ஆபீசர் செய்யக் கூடாதுன்னு இருக்கறப்போ, அதையே எங்கள வச்சு செய்யச் சொல்றது எந்த நியாயம்? பக்கத்து வீட்டுக்காரிய வாசல்ல உக்கார வச்சா அது வசூல் தொந்தரவு இல்லையா? எனக்கு இந்த சர்வீஸ்ல மனசு விட்டுப் போனது இந்த இடத்துல தான். கூட்டுப் பொறுப்புன்னு பேர் வச்சு, சம்பளம் இல்லாத வசூல் ஆளா எங்கள மாத்திடறாங்க.

2025-ல தமிழ்நாடு சட்டசபைல கடன் வசூல்ல வற்புறுத்தல தடுக்கறதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க, கடன் வாங்கினவங்களையோ அவங்க குடும்பத்தையோ மிரட்டறது, பின்னாலேயே சுத்தறது, பொருள எடுத்துட்டுப் போறதெல்லாம் ஜெயில் தண்டனைக்கு உரிய குற்றம்னு அதுல வருது. அப்படி ஒரு சட்டம் தேவைப்படற அளவுக்கு ஊர் ஊருக்கு உயிர் போயிருக்கு. 2010-ல ஆந்திராவுல இதே மைக்ரோ பைனான்ஸ் கடனால தற்கொலைகள் நடந்து அந்த வருஷம் அக்டோபர்ல அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் தான் ஆர்பிஐயே இந்த கம்பெனிகளுக்குன்னு தனி விதிமுறை போட்டுச்சு. பாடம் புதுசில்ல.

கம்பெனி குழுவுக்கு என் மார்க் 5-க்கு 2. அந்த ரெண்டும் பணம் சீக்கிரம் வந்ததுக்கும், கணக்குல ஒரு ரூபா ஏமாத்தாததுக்கும்.

இப்ப மகளிர் குழு. நம்ம தமிழ்நாட்டுல இது 1989-ல தர்மபுரி பக்கம் ஆரம்பிச்சது, அப்புறம் 1992-ல நபார்டு, அதாவது விவசாயம், கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி, இந்தக் குழுக்கள பேங்க் கடனோட இணைக்கற திட்டத்த கொண்டு வந்தாங்க, பின்னால மகளிர் திட்டம்னு மாநிலம் பூரா பரவுச்சு. 12 பேர்ல இருந்து 20 பேர் வரைக்கும் இருக்கலாம். 20-க்கு மேல ஏன் கூடாதுன்னா, பழைய கம்பெனி சட்டத்துல 20 பேருக்கு மேல சேர்ந்து லாபத்துக்காக தொழில் பண்ணா கட்டாயம் பதிவு பண்ணணும்னு இருந்துச்சு, அந்த தொந்தரவு வேணாம்னு வச்ச எண்ணிக்கை தான். எங்க குழுல 12 பேர்.

இங்கயும் கூட்டுப் பொறுப்பு தான், சொல்லப் போனா கம்பெனிய விட கெட்டியா. பேங்க் லோன் தனித்தனி ஆளுக்கு இல்ல, குழு பேருக்கே வருது. 12 பேரும் ஒரு ஒப்பந்தப் பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கோம், குழு வாங்கற கடனுக்கு சேர்ந்தும் தனித்தனியாவும் பொறுப்புன்னு. ஒருத்தி கட்டலன்னா பேங்க் அவள தேடாது, குழுவ தான் கேக்கும். அப்படி இருந்தும் எனக்கு இதுல ராத்திரி தூக்கம் போனதில்ல. ஏன்னு பல தடவ யோசிச்சிருக்கேன்.

யார சேக்கறதுன்னு நாங்க தான் முடிவு பண்றோம். பேங்க் பணம் வர்றதுக்கு முன்னாடி மாசம் ஆளுக்கு 200 சேமிச்சு, அந்த சேமிப்புல இருந்து உள் கடன் குடுத்து, யார் எப்படி திருப்பறாங்கன்னு எல்லாரும் பாத்திருக்கோம். யாருக்கு எவ்வளவு, எதுக்கு, எத்தன மாசம்னு கூட்டத்துல பேசி தீர்மான நோட்டுல எழுதறோம், ஒருத்திக்கு ஜாஸ்தி குடுக்கறது சரியில்லன்னு தோணினா அங்கயே சொல்லலாம், சொல்லியும் இருக்கோம், கோவப்பட்டும் இருக்காங்க. வட்டி வெளிய போகாது, உள் கடன் வட்டி நூத்துக்கு ஒரு ரூபா, அது எங்க குழுவுக்கே திரும்ப வருது. இப்ப சேமிப்பும் வட்டியும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடுச்சு.

போன வருஷம் ஒரு அக்காவோட வீட்டுக்காரர் பைக் விபத்துல கால் உடைஞ்சு தஞ்சாவூர் மெடிக்கல்ல படுத்துட்டாரு. அக்கா கூட்டத்துக்கு வரல, போன் பண்ணி அழுதாங்க. அன்னைக்கு நோட்டுல நான் எழுதின தீர்மானம் இது தான்: அவங்களோட பேங்க் தவணை மாசம் 1,120 ரூபா, மூணு மாசத்துக்கு 3,360 ரூபா குழு சேமிப்புல இருந்து உள் கடனா வச்சு கட்டறது, அத அவங்க நாலாவது மாசத்துல இருந்து திருப்பறது, இதுக்கு எல்லாரும் சம்மதம். 11 கையெழுத்து. ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு போய் அவங்க கையெழுத்தையும் வாங்கிட்டு, சாப்பாடும் குடுத்துட்டு வந்தாங்க. பேங்குக்கு ஒரு நாள் கூட தாமதம் இல்ல, யாரும் யார் வாசல்லயும் போய் உக்காரல. ரெண்டு குழுலயும் நடந்தது ஒன்னு தான், ஒருத்தியால கட்ட முடியல, மத்தவங்க கட்டினாங்க. வித்தியாசம் எங்கன்னா இங்க முடிவு எங்களோடது, எடுத்துக் கட்ட ஒரு சேமிப்புப் பானையும் இருந்துச்சு.

வட்டிய பாத்தாலும் தூரம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துல பெண்கள் குழுவுக்கு 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம். எங்க குழுவுக்கு 3 லட்சம், ஆளுக்கு 25,000, 24 மாசம். மொத்த வட்டி ஆளுக்கு 1,860 ரூபா கிட்ட தான் வருது. இதே 25,000-ஐ கம்பெனி குழுல 25 சதவீதத்துக்கு எடுத்திருந்தா 7,020 ரூபா.

குறை இல்லாம இல்ல. பேங்க் ரொம்ப இழுக்கும். மேனேஜர் மாறினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். குழு சேமிப்பு கணக்க லோன் முடியற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு நிறுத்தி வைக்கறது பல இடத்துல நடக்குது, ஆனா 10 லட்சம் வரைக்கும் குழு கடனுக்கு அடமானமும் கூடாது, சேமிப்பு கணக்கு மேல பிடித்தம் வைக்கவும் கூடாதுன்னு ஆர்பிஐ சுற்றறிக்கைல இருக்கு, இத எழுதி எடுத்துட்டுப் போய் காட்டுங்க, வேலை நடக்கும். அதே மாதிரி ஒரு உறுப்பினரோ அவங்க வீட்டு ஆளோ அந்த பேங்க்ல பழைய பாக்கி வச்சிருந்தா அதுக்காக குழுவுக்கே கடன் இல்லன்னு சாதாரணமா மறுக்கக் கூடாது, குழு பாக்கி வைக்காம இருந்தா போதும், அந்தப் பணத்த பாக்கி வச்ச ஆளுக்கு மட்டும் குடுக்கக் கூடாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி. ஒருத்தரோட பழைய தப்ப எடுத்து எல்லார் தலைலயும் போடக் கூடாதுன்னு யாரோ உக்காந்து யோசிச்சு எழுதியிருக்காங்க.

இன்னொரு குறை பெருசு. கூட்டுப் பொறுப்புன்னு வந்துட்டா எல்லாரும் ஜாக்கிரதை ஆயிடறோம், சம்பாத்தியம் நிலையா இல்லாதவங்கள சேக்க பயம். தனியா இருக்கற வயசான ஆத்தா, உடம்பு முடியாதவங்க, புதுசா குடி வந்தவங்க, இவங்களுக்கு தான் கடன் அதிகம் தேவை, இவங்களத் தான் எந்தக் குழுவும் எடுக்க மாட்டேங்குது. ஒரே தெரு, ஒரே சாதின்னு குழு அமையறதும் இதனால தான், தெரிஞ்சவங்கள தான் நம்ப முடியும்னு சொல்லிக்கிட்டு. நோட்டு எழுதத் தெரிஞ்சவ பேச்சு தான் கடைசில எடுபடும்ங்கறதும் உண்மை, நான் நோட்டு எழுதறவ, அதனால எங்க குழுல வருஷா வருஷம் வேற ஆள் நோட்ட வாங்கிப் படிச்சு எல்லாருக்கும் கணக்கு சொல்லணும்னு வச்சிருக்கோம்.

ரெண்டு குழுவுக்கும் பொதுவான ஒரு ஓட்டை இருக்கு. ஒருத்தி விழுந்தா மத்தவங்க தூக்கலாம். எல்லாரும் ஒரே நாள்ல விழுந்தா யார் தூக்கறது? 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்போ எங்க பக்கம் தென்னை எல்லாம் வேரோட போச்சு, ஓடு இல்லாத வீட்டுல படுத்துக்கிட்டு இருந்தவங்ககிட்ட ட்யூ கேட்டு வந்தாங்க. 2020 லாக்டவுன்ல மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணை தள்ளிப் போட ஆர்பிஐ அனுமதிச்சாங்க, ஆனா அந்த மாச வட்டி ஏறிக்கிட்டே தான் இருந்துச்சு. ஊரே சேர்ந்து பாதிக்கப்படறப்போ ஜாமீன்ங்கறது வெறும் பேப்பர். அந்த மாதிரி நேரத்துக்குன்னு அரசாங்கம் தனியா ஒரு ஏற்பாடு வைக்கணும், பத்து பொம்பளைங்க தலைல கட்டக் கூடாது.

பழைய காலத்துல எப்படி இருந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். ஜெர்மனில ரைபைசன்னு ஒருத்தர் 1860-கள்ல கிராமத்து விவசாயிகளுக்கு கடன் சங்கம் ஆரம்பிச்சாரு, உறுப்பினர் எல்லாரும் அவங்க சொத்து முழுசுக்கும் பொறுப்பு. அத படிச்சு நம்ம ஊருக்கு சரியா வருமான்னு மெட்ராஸ் மாகாணத்துல அறிக்கை எழுதினவர் பிரெடரிக் நிக்கல்சன். 1904-ல கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வந்துச்சு, அந்த வருஷமே திருவள்ளூர் பக்கம் திரூர்ல முதல் விவசாயக் கடன் சங்கம் ஆரம்பிச்சாங்க. கிராமத்துச் சங்கத்துல பொறுப்புக்கு வரம்பே கிடையாது, அவ்வளவு கடுமை. ஆனா சங்கம் சின்ன எல்லைக்குள்ள, ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்களா இருக்கணும், சேத்துக்கறதும் நிர்வாகமும் உறுப்பினர் கையில. அவ்வளவு பெரிய பொறுப்ப சுமக்கச் சொன்னவங்க அதுக்கு ஏத்த உரிமையையும் சேத்து குடுத்தாங்க. இன்னைக்கு கம்பெனிங்க அதுல பொறுப்ப மட்டும் எடுத்துக்கிட்டு உரிமைய விட்டுட்டாங்க.

அரசாங்கத்துலயும் இது தானே. மந்திரிசபை மொத்தமும் சட்டசபைக்கு கூட்டா பொறுப்புன்னு அரசியல் சாசனம் 164-வது பிரிவுல இருக்கு, மத்தியில மக்களவைக்கு 75-வது பிரிவு. எந்த மந்திரியும் அந்த முடிவு என்னோடது இல்லன்னு வெளிய நின்னு சொல்ல முடியாது. அது ஏன் நியாயம்னா அவங்க எல்லாரும் அந்த ரூம்ல உக்காந்து பேசறாங்க, ஒத்துக்க முடியலன்னா வெளிய வரலாம். 1951-ல அம்பேத்கர் இந்து சட்ட மசோதாவ இழுத்தடிச்சதுல மனசு வெறுத்து ராஜினாமா பண்ணிட்டு வந்தாரே. பேசற உரிமையும் வெளிய வர்ற வழியும் இருக்கறவங்க கிட்ட கூட்டா பொறுப்பு கேக்கலாம். கோயில் மண்டபத்துல உக்கார வச்சு எந்திரிக்க விடாதவங்க கேக்கக் கூடாது.

மகளிர் குழுவுக்கு என் மார்க் 5-க்கு 4.

அவசரத்துக்கு கம்பெனி லோன் தான் எடுக்கணும்னா எடுங்க, நான் வேணாம்னு சொல்லல, ஆனா கையெழுத்துக்கு முன்னாடி பேப்பர்ல ஜாமீன் வாசகம் இருக்கான்னு படிக்கச் சொல்லி கேளுங்க. உங்க குழுல இருக்கற மத்தவங்களுக்கு வேற எங்கெங்க கடன்னு அவங்க வாயாலயே எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க, சொல்லாதவங்களோட சேராதீங்க. வீட்டு வருமானத்துல பாதிக்கு மேல எல்லா தவணையும் சேர்ந்து போகக் கூடாதுன்னு விதி இருக்கு, உங்க வருமானத்த ஜாஸ்தியா எழுதி லோன ஏத்தறாங்களான்னு பாருங்க. முன்னாடியே கட்டி முடிக்கறதுக்கு அபராதம் கிடையாது, லேட்டானா அபராதம் பாக்கி தொகைக்கு மட்டும் தான், முழு லோனுக்கும் இல்ல. புகார்னா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல குடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேனுக்கு, அதாவது குறை தீர்க்கற அதிகாரிகிட்ட, போகலாம், 14448-க்கு போன் பண்ணா வழி சொல்வாங்க. முடிச்சதும் பாக்கி இல்லன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவ இலவசமா கிடைக்கற கிரெடிட் ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க, முடிஞ்ச லோன் முடிஞ்சதா காட்டுதான்னு.

அந்த திருப்பூர் தங்கச்சி இப்ப எங்க மகளிர் குழுல சேரணும்னு கேட்டிருக்கா. குழுல ரெண்டு பேருக்கு விருப்பமில்ல, அந்தக் காலைல மண்டபத்துல உக்காந்திருந்தவங்க அவங்க. வர்ற கூட்டத்துல நான் சேத்துக்கலாம்னு தான் பேசப் போறேன், முதல் ஆறு மாசம் சேமிப்பு மட்டும், அப்புறம் உள் கடன் 5,000 வரைக்கும், அத ஒழுங்கா திருப்பின பிறகு தான் பேங்க் பணத்துல பங்கு. அவளும் கூட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் பேசணும், பேசறேன்னு சொல்லியிருக்கா.